எண்ணிக்கைகள் மட்டும் கையில் இருக்கும்போது மொத்தத்தை மதிப்பிடுதல்: முன்பரவலின் மேல் வரம்பை மாற்றினால் விடையும் மாறுவது ஏன்?

நெடுவரிசை (கேள்வி கேட்பவரின் புனைபெயர்)

வணக்கம். ஒரு திரளில் மொத்தம் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பது தெரியாது. எண்ணும் ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒரு பகுதிதான் கண்ணில் படுகிறது. அந்தப் பகுதி எவ்வளவு என்பதும் தெரியாது. இத்தகைய நிலையில் எண்ணிக்கைகளை மட்டும் கொண்டு மொத்தத்தை மதிப்பிடும் பேய்ஸியன் முறையைப் பயின்று வருகிறேன். (தெரியாத அளவுகளைப் பற்றிய தொடக்கக் கருத்தை ‘முன்பரவல்’ என்ற நிகழ்தகவுப் பரவலாக எழுதி, தரவைக் கொண்டு அதைத் திருத்திப் ‘பின்பரவல்’ பெறும் முறை அது.) பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது பாடநூல்களில் அடிக்கடி வரும் ஒரு தரவு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் ஐந்து வெவ்வேறு நாள்களில் வானிலிருந்து எண்ணப்பட்ட வாட்டர்பக் இரலைகளின் எண்ணிக்கை அது: 53, 57, 66, 67, 72.

மொத்த எண்ணிக்கையை ‘ம’ என்றும், ஒரு விலங்கு ஒரு நாளில் கண்ணில் படுவதற்கான நிகழ்தகவை ‘க’ என்றும் குறிக்கிறேன். ஐந்து எண்ணிக்கைகளும் ம, க ஆகிய இரண்டையும் அளவுருக்களாகக் கொண்ட ஈருறுப்புப் பரவலிலிருந்து, ஒன்றையொன்று சாராமல் வந்தவை என்று கொண்டேன். இரண்டைப் பற்றியும் எனக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது என்பதால், க-வுக்கு 0 முதல் 1 வரை சீரான பரவலையும், ம-வுக்கு 72 முதல் 1000 வரை சீரான பரவலையும் கொடுத்தேன். பின்பரவலின் இடைநிலை 350-ஐ ஒட்டி வந்தது. மேல் வரம்பை 5000 ஆக்கியபோது அது 800-ஐ ஒட்டிச் சென்றது. 10000 ஆக்கியபோது 1100-ஐத் தாண்டிவிட்டது.

தரவு மாறவில்லை, மாதிரி மாறவில்லை, எதையும் வலியுறுத்தாது என்று நினைத்து வைத்த வரம்பு மட்டும்தான் மாறியது. இது நிரலில் உள்ள பிழையா? பிழை இல்லையென்றால், இவற்றில் எந்த எண்ணை விடையென்று எழுதுவது?

மடக்கை

நிரலில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. நீங்கள் அமைத்த மாதிரியில் அந்த வரம்புதான் விடையைத் தீர்மானிக்கிறது. எனவே அதை நகர்த்தினால் விடையும் நகரத்தான் செய்யும். அதற்கான காரணம் தரவிலேயே இருப்பதால், முதலில் பேய்ஸை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த ஐந்து எண்களுக்குள் ம-வைப் பற்றி என்ன செய்தி இருக்கிறது என்று பார்ப்போம்.

ஈருறுப்புப் பரவலின் சராசரி ம×க, பரவற்படி (சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களுடைய சராசரி) ம×க×(1−க). பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் 1−க கிடைக்கும். அதாவது க-வைத் தனியே பிரித்துக் காட்டக்கூடிய ஒரே சாட்சி, பரவற்படி சராசரியைவிட எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான். உங்கள் தரவின் சராசரி 63. அதிலிருந்து விலகல்கள் −10, −6, 3, 4, 9. அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 242. இதை 5-ஆல் வகுத்தால் பரவற்படி 48.4, அதிலிருந்து க-வைக் கண்டு, சராசரியை அதனால் வகுத்தால் கிடைக்கும் ம-வின் மதிப்பீடு 272. வழக்கம்போல் ஒன்றைக் கழித்து 4-ஆல் வகுத்தால் பரவற்படி 60.5, மதிப்பீடு 1588. வகுக்கும் எண் 5-ஆ 4-ஆ என்ற, பாடநூலில் அடிக்குறிப்பாகப் போகும் ஒரு விஷயம், இங்கே விடையை ஏறக்குறைய ஆறு மடங்காக்குகிறது.

இன்னும் ஒன்று செய்து பாருங்கள். கடைசி நாளில் 72-க்குப் பதிலாக 73 விலங்குகள் கண்ணில் பட்டிருந்தால் சராசரி 63.2, 4-ஆல் வகுத்த பரவற்படி 65.2. பரவற்படி சராசரியைத் தாண்டிவிட்டதால் மதிப்பீடு −1997 என்று வருகிறது. ஒரே ஒரு விலங்கு கூடியதால் மதிப்பீடு 1588-இலிருந்து எதிர்ம எண்ணுக்குப் போய்விட்டது. ஒல்கின், பெட்காவ், ஸிடெக் ஆகிய மூவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நிலையின்மையைப் பற்றியதுதான்.

இப்போது பின்பரவலுக்கு வருவோம். ம மிகப் பெரியதாக இருக்கும்போது, தரவுக்குப் பொருந்தும் க-வின் மதிப்புகள் 63/ம என்பதைச் சுற்றிய ஒரு குறுகிய பட்டைக்குள் அடங்கும். அந்தப் பட்டையின் அகலமும் 1/ம என்ற வீதத்திலேயே சுருங்கும். க-வுக்குச் சீரான பரவல் கொடுத்து, அதன் எல்லா மதிப்புகளுக்கும் கூட்டி, அதாவது தொகையிட்டு, அதை நீக்கினால், எஞ்சும் கோவை பெரிய ம-க்களுக்கு 1/ம போலக் குறைகிறது. அதற்குமேல் அது வேகமாகக் குறைய வேண்டும் என்று தரவு எதுவும் சொல்வதில்லை. ம-வுக்கும் சீரான முன்பரவல் வைத்தால், 1/ம என்பதை முடிவிலி வரை கூட்ட வேண்டியிருக்கிறது. அது இசைத் தொடர். அதற்கு முடிவுள்ள கூட்டுத்தொகை கிடையாது. ஆகவே வரம்பு இல்லாத சீரான முன்பரவலுக்குப் பின்பரவலே இல்லை. நீங்கள் வைத்த 1000, 5000, 10000 ஆகிய வரம்புகள் இல்லாத ஒரு பரவலை வெவ்வேறு இடங்களில் வெட்டி, இருப்பதுபோலக் காட்டுகின்றன. தொடரின் கூட்டுத்தொகை மடக்கை வேகத்தில் மெதுவாக வளர்வதால் இடைநிலை வரம்பின் அதே வீதத்தில் பெருகுவதில்லை. ஆனால் அது எங்கும் நிற்கப்போவதும் இல்லை.

புள்ளியியலாளர் ஏட்ரியன் ராஃப்டரி 1988-இல் முன்வைத்த வழி இதுதான்: ம-வை ஒரு பாய்சான் பரவலிலிருந்து (சராசரியை மட்டும் அளவுருவாகக் கொண்ட எண்ணிக்கைப் பரவல்) வந்ததாகக் கொண்டு, அந்தப் பாய்சான் சராசரியின் மீது நேரடியாக முன்பரவல் வைக்காமல், அதைக் க-வால் பெருக்கி வரும் ‘ஒரு நாளில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை’ மீது வைப்பது. இந்தப் பெருக்கற்பலனைத் தரவு நன்றாகவே அறியும்; அது 63-ஐ ஒட்டியது. அதற்கு அதன் தலைகீழிக்கு விகிதமான முன்பரவலையும், க-வுக்குச் சீரான பரவலையும் வைத்துத் தொகையிட்டால், ம-வின் முன்பரவல் 1/ம-க்கு விகிதமாக அமைகிறது. அப்போது பின்பரவலின் வால், அதாவது மிகப் பெரிய ம-க்களுக்கான பகுதி, 1/ம² போலக் குறையும், கூட்டுத்தொகை முடிவுள்ளதாகும், மேல் வரம்பு தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. வால் 1/ம² போலக் குறைவதால் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒருங்குகிறதே தவிர, ம-வால் பெருக்கிய கூட்டுத்தொகை ஒருங்காது. அதாவது இந்தப் பின்பரவலுக்குச் சராசரி என்று ஒன்று இல்லை. ஜாக்ஸ் போன்ற மென்பொருள் தன் அட்டவணையின் முதல் நெடுவரிசையில் சராசரியைத் தயங்காமல் அச்சிடும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது வேறாக இருக்கும். அந்த நெடுவரிசையை நம்ப வேண்டாம்.

தாளும் பேனாவும்

மேலே மடக்கை எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். 1/ம முன்பரவல் கொடுக்கும் பின்பரவலைக் கணினி இல்லாமலே ஏறத்தாழக் கண்டுவிடலாம் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். அதைச் செய்துபார்த்தால் இந்தச் சிக்கலின் வடிவம் கண்ணெதிரே தெரியும்.

ஐந்து எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை 315. இந்தக் கூட்டுத்தொகை தெரிந்தது என்று வைத்துக்கொண்டால், அது ஐந்து நாள்களுக்கும் எப்படிப் பிரிந்தது என்பது க-வைச் சாராது. அது ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவலை (எடுத்ததைத் திரும்பப் போடாமல் எடுக்கும்போது வரும் பரவல்) பின்பற்றும். அதை இயல்நிலைப் பரவலால் தோராயமாக்கி, எல்லாக் காரணிகளையும் சேர்த்து எழுதினால் ஓர் அழகான சுருக்கம் நிகழ்கிறது. ‘வி’ என்பது ம-விலிருந்து 63-ஐக் கழித்தது, அதாவது ஒரு நாளில் சராசரியாகக் கண்ணுக்குத் தப்பியவற்றின் எண்ணிக்கை. பின்பரவலின் அடர்த்தி 1/வி²-ஐயும், −121/வி என்பதன் அடுக்குக்குறிச் சார்பையும் பெருக்கியதற்கு விகிதமாக வருகிறது. இந்த 121 என்பது மேலே கண்ட 242-இன் பாதிதான். வேறு சொற்களில், 121-ஐ வி-யால் வகுத்தால் கிடைப்பது சராசரி 1 கொண்ட அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். (எண்ணிக்கைகள் ஐந்து என்பதால்தான் அடுக்குகள் இவ்வளவு ஒழுங்காக அமைந்தன, வேறு எண்ணிக்கையாக இருந்தால் இந்த எளிய வடிவம் வராது.)

இனி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. அடுக்குக்குறிப் பரவலின் இடைநிலை 0.693, எனவே வி-யின் இடைநிலை ஏறக்குறைய 175, ம-வின் இடைநிலை 238. சரியான கோவையைக் கொண்டு கணக்கிட்டால் 235-ஐ ஒட்டி வரும்; தோராயத்துக்கு இது போதுமான நெருக்கம். முகடு, அதாவது அடர்த்தி மிக அதிகமான இடம், வி = 60.5 என்ற இடத்தில், அதாவது ம 123-ஐ ஒட்டிய இடத்தில் இருக்கிறது. மொத்தம் 100-க்கு மேல் இருப்பதற்கான நிகழ்தகவு 0.96 அளவில். 1000-க்கு மேல் இருப்பதற்கான நிகழ்தகவும் 0.12 அளவில் எஞ்சி நிற்கிறது.

இடைவெளியைக் கவனியுங்கள். இரு பக்கமும் பத்துப் பத்து சதவீதம் விட்டு நடுவில் எடுத்த 80 சதவீத இடைவெளி ஏறக்குறைய 115 முதல் 1200 வரை நீள்கிறது. அடர்த்தி மிகுந்த பகுதியை மட்டும் எடுக்கும் 80 சதவீத இடைவெளியோ ஏறக்குறைய 80 முதல் 600 வரை இருக்கிறது. இரண்டும் அதே பரவல், அதே 80 சதவீதம். ஆகவே இடைவெளியை எழுதும்போது எந்த வகை இடைவெளி என்று எழுதாமல் விடுவது இங்கே சிறிய குறை ஆகாது. என் கருத்தில், படம் வரைந்து காட்டுவதே நேர்மையானது. ஒரு எண்ணைத்தான் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் இடைநிலையைத் தருவேன்.

நெடுவரிசை

இருவருக்கும் நன்றி. 73 என்று மாற்றிக் கணக்கிட்டுப் பார்த்தேன்; −1997 அப்படியே வருகிறது. பேய்ஸியன் பக்கத்தில் அதே மாற்றம் இடைநிலையைச் சிறிதளவே உயர்த்துகிறது என்பதையும் கண்டேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, 1/ம என்ற முன்பரவலும் நாமாகத் தேர்ந்தெடுத்ததுதானே? மேல் வரம்பு 1000 என்று வைத்ததைவிட அது எந்த வகையில் உயர்ந்தது? மற்றொன்று, ஐந்து நாள்களுக்குப் பதில் ஐம்பது நாள்கள் எண்ணினால் இந்த விரிந்த வால் சுருங்கிவிடுமா?

மடக்கை

முதல் ஐயம் முற்றிலும் நியாயமானது. 1/ம-க்கு ஆதரவாக நான் சொல்லக்கூடியது இவ்வளவே: அதற்கு வெட்டும் இடம் தேவையில்லை, அளவீட்டு அலகை மாற்றினாலும் அதன் வடிவம் மாறாது, பின்பரவல் உண்மையில் இருக்கிறது. ஆனால் அதன் வால் முழுவதும் முன்பரவல் கொடுத்ததே என்பதை மறைக்க முடியாது.

இதைப் பொதுவாகவும் சொல்லலாம். க-வுக்குச் சீரான பரவலுக்குப் பதில் ஒரு பீட்டா பரவல் (0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட அளவுக்கான, இரண்டு அளவுருக்கள் கொண்ட பரவல்) வைத்தால், க-வைத் தொகையிட்ட பின் எஞ்சுவது, ம-வை அந்தப் பீட்டாவின் முதல் அளவுருவுக்கு உயர்த்தி அதன் தலைகீழியை எடுத்தது போலக் குறையும். சீரான பரவலில் அந்த அளவுரு 1. அதனால்தான் இசைத் தொடர் வந்தது. இரண்டு அளவுருக்களும் அரை என்று வைக்கும் ஜெஃப்ரீஸ் தேர்வில் நிலைமை இன்னும் மோசம்: வால் மேலும் தடிக்கும். மாறாக, முதல் அளவுரு 1-க்கு மேல் சென்றாலே ம-வின் சீரான முன்பரவலுக்கும் பின்பரவல் கிடைத்துவிடும். பூச்சியத்தை ஒட்டிய க-க்களுக்கு நீங்கள் எவ்வளவு இடம் கொடுக்கிறீர்கள் என்பதே ம-வின் வாலை நிர்ணயிக்கிறது. ஆகவே ‘ம எவ்வளவு பெரியதாக இருக்கலாம்’ என்று யோசிப்பதைவிட, ‘ஒரு விலங்கு கண்ணில் படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகக்கூட இருக்கலாமா’ என்று யோசிப்பது பயனுள்ளது. எண்ணும் முறையை அறிந்தவர் ஒருவர் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லிவிடுவார். முதல் கேள்விக்கு அவராலும் சொல்ல முடியாது.

கானகக் கணக்கர்

இரண்டாவது ஐயத்தைப் பற்றி எழுதுகிறேன். களத்தில் எண்ணும் வேலையோடு தொடர்புள்ளவன் என்ற முறையில், எனக்கு இதுவே முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

கணக்குப்படி பார்த்தால், ஆம், வால் சுருங்கும். ஆனால் எதிர்பார்ப்பதைவிட மெதுவாக. உண்மையான க 0.25 என்று வைத்துக்கொள்வோம். அப்போது பரவற்படிக்கும் சராசரிக்கும் உள்ள விகிதம் 0.75, 1-இலிருந்து அது எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் நாம் அளக்க வேண்டும், அதாவது 0.25-ஐ. ஐந்து முறை எண்ணினால் அந்த விகிதத்தின் திட்டப் பிழை 0.53 அளவில் இருக்கும். அளக்க வேண்டியதைவிடப் பிழை இருமடங்கு. ஐம்பத்தொரு முறை எண்ணினால் அது 0.15, இருநூற்றொரு முறை எண்ணினால் 0.075. ஐம்பது முறை எண்ணிய பின்பும் க-வைப் பற்றி நாம் ஏதோ கொஞ்சம் அறிந்திருப்போம், அவ்வளவுதான். க இன்னும் சிறியதாக இருந்தால் இதுவும் கிடைக்காது.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று இருக்கிறது. ஐம்பது நாள்களும் க ஒரே அளவாக இருக்க வேண்டும், ம மாறாமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு விலங்கும் மற்றதைச் சாராமல் கண்ணில் பட வேண்டும் என்று மாதிரி கோருகிறது. ஒரு நாள் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, மறுநாள் மேகம் மூடுகிறது. கூட்டமாக மேயும் விலங்கு கூட்டமாகவே தென்படுகிறது அல்லது கூட்டமாகவே மறைந்துவிடுகிறது. இவை எல்லாமே பரவற்படியை உயர்த்துபவை. மாதிரியோ பரவற்படி உயர்ந்ததைக் க சிறியது என்பதற்கான அடையாளமாகப் படித்து, ம-வை மேலே தள்ளிவிடும். அதுவும் தரவு அதிகரிக்க அதிகரிக்க, தவறான இடத்தில் மேலும் உறுதியோடு போய் நிற்கும். ஒரே விலங்கை இருமுறை எண்ணிவிடும் வாய்ப்பு இந்த மாதிரியில் இல்லவே இல்லை. மேலே உள்ள 72 என்பது ம-வின் கீழ் வரம்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்; ஓடும் கூட்டத்தை எண்ணியவர் எவரும் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டார்.

பல இடங்களில் பலமுறை எண்ணி, இடத்துக்கு இடம் ம பாய்சான் பரவலில் மாறுகிறது என்று கொள்ளும் மாதிரியை ராயில் 2004-இல் அறிமுகப்படுத்தினார். விலங்குகளைப் பிடித்துக் குறியிடும் செலவு இல்லாமல் மொத்தத்தை மதிப்பிடலாம் என்பதால் சூழலியலில் அது வேகமாகப் பரவியது. ஆயினும் அங்கும் க-வைப் பற்றிய செய்தி வருவது பரவலின் வடிவத்தைப் பற்றிய அனுமானத்திலிருந்துதான். பார்க்கரும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட கட்டுரை இந்த இடத்தைத்தான் சுட்டியது: எண்ணிக்கைத் தரவு மட்டும் கையில் இருந்தால், மொத்தத்தைப் பற்றி வெவ்வேறு விடை தரும் மாதிரிகள் தரவுக்கு ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தக்கூடும்.

ஆகவே என் பரிந்துரை, எண்ணும் நாள்களைக் கூட்டுவதற்கு முன் க-வுக்கு வெளியிலிருந்து ஒரு சாட்சியைத் தேடுங்கள் என்பதே. எடுத்துக்காட்டாக, கழுத்துப் பட்டை அணிவிக்கப்பட்ட 40 விலங்குகள் அந்தப் பரப்பில் இருப்பது உறுதியாகத் தெரிகிறது என்றும், ஒரு நாள் எண்ணும்போது அவற்றில் 11 மட்டுமே கண்ணில் பட்டன என்றும் வைத்துக்கொள்வோம். சீரான முன்பரவலோடு தொடங்கினால், க-வின் பரவல் 12, 30 ஆகிய அளவுருக்கள் கொண்ட பீட்டா ஆகிவிடும். அதன் சராசரி 0.286, பெரும்பகுதி 0.16-க்கும் 0.43-க்கும் இடையில் அடங்கும். ஒரு நாளின் சராசரி 63 என்பதை இவற்றால் வகுத்தால் மொத்தம் ஏறக்குறைய 220, எல்லைகள் ஏறக்குறைய 150 முதல் 390 வரை. ஐந்து நாள் எண்ணிக்கைகளும் மாறவில்லை. ஆயிரத்தைத் தாண்டிய வால் காணாமல் போய்விட்டது. மடக்கை சொன்ன விதிப்படி அந்த வால் இப்போது ம-வின் பன்னிரண்டாம் அடுக்கின் தலைகீழி போலக் குறைவதால், ம-வின் முன்பரவல் சீரானதா 1/ம-வா என்ற விவாதமும் பெரும்பாலும் தேவையற்றதாகிறது. பட்டை அணிந்தவையும் அணியாதவையும் ஒரே அளவு எளிதில் தென்படுகின்றன என்ற நிபந்தனை மட்டும் உண்டு. அதைக் களத்தில் சரிபார்க்க முடியும்.

இந்த எண்ணம் புதிதன்று. 1802-இல் பிரான்ஸின் மக்கள்தொகையை லாப்லாஸ் மதிப்பிட்டபோது கையாண்டதும் இதே வழி. நாடு முழுவதற்குமான பிறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து அவர் மக்கள்தொகைக்குத் தாவவில்லை. தேர்ந்தெடுத்த சில வட்டாரங்களில் மக்களையும் பிறப்புகளையும் சேர்த்து எண்ணச் செய்து, ஒரு பிறப்புக்குச் சுமார் 28 பேர் என்ற விகிதத்தைப் பெற்று, அதன் பிறகே நாட்டுக்கு 2.8 கோடி என்ற மதிப்பீட்டுக்கு வந்தார். அந்த மதிப்பீட்டின் பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் நிகழ்தகவாகவே கணக்கிட்டார். விகிதம் தெரியாமல் பிறப்பு எண்ணிக்கையை மட்டும் கொடுத்து அவரை உட்காரவைத்திருந்தால் அவராலும் முடிந்திருக்காது.

நெடுவரிசை

தெளிவாகப் புரிந்தது. பயிற்சித் தரவுக்குக் க பற்றிய வெளிச் சாட்சி இல்லாததால், 1/ம முன்பரவலோடு பின்பரவலின் படத்தையும் இடைநிலையையும் தருகிறேன். க-வின் முன்பரவலை மாற்றினால் வால் எப்படி மாறுகிறது என்பதையும் பக்கத்தில் வைக்கிறேன். கணக்கிடும் முறை பற்றி ஒன்று: ஜாக்ஸில் சங்கிலிகள் (பின்பரவலிலிருந்து அடுத்தடுத்து எடுக்கப்படும் மதிப்புகளின் வரிசைகள்) மிக மெதுவாகவே நகர்கின்றன, அதேபோன்ற மற்றொரு மென்பொருளான ஸ்டானில் முழு எண் அளவுருவை நேரடியாக எழுதவே முடியவில்லை. என்ன செய்வது?

மடக்கை

இந்த அளவு சிறிய சிக்கலுக்குப் பின்பரவலிலிருந்து மதிப்புகளைத் தற்செயலாக எடுத்துக் கணக்கிடும் முறையே வேண்டாம். ம-வும் க-வும் பெருக்கினால் 63 வரும் ஒரு நீண்ட வளைந்த முகட்டின் மீது சங்கிலி ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பதால்தான் அது மெதுவாகிறது. ஓட்டத்தை நீட்டுவதால் பெரிய பயன் கிடைக்காது. ஸ்டானைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், ம-வின் எல்லா மதிப்புகளுக்கும் கூட்டி நீக்கிவிட்டு மாதிரியை எழுத வேண்டும். ஆனால் அப்படிக் கூட்டத் தெரிந்துவிட்டால் ஸ்டான் எதற்கு?

க-வைத் தொகையிட்டு நீக்கிய கோவை மூடிய வடிவில் இருக்கிறது. ஒவ்வொரு ம-வுக்கும், ம-விலிருந்து அந்தந்த நாளின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து சேர்மானங்களைப் பெருக்கி, (5ம−315)-இன் தொடர்பெருக்கத்தால் பெருக்கி, (5ம+1)-இன் தொடர்பெருக்கத்தாலும் ம-வாலும் வகுத்தால் போதும். தொடர்பெருக்கங்களை நேரடியாகக் கணக்கிடாமல் லாக்-காமா சார்பைக் கொண்டு மடக்கைகளாகவே கூட்டிக் கழியுங்கள். இல்லாவிட்டால் எண்கள் கணினியின் எல்லையைத் தாண்டிவிடும். பெருமத்தைக் கழித்த பிறகு அடுக்குக்குறியாக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் பின்பரவல் முழுவதும் ஒரு வரிசையாகக் கையில் இருக்கும். ஆர் மொழியில் பத்து வரிகளுக்குள் முடிந்துவிடும்.

வரிசையை 72-இல் தொடங்கி ஒரு லட்சத்தில் நிறுத்துங்கள். மேலே கண்ட தோராயத்தின்படி, அதற்கு அப்பால் விடுபடும் நிகழ்தகவு 121-ஐ ஒரு லட்சத்தால் வகுத்தது, அதாவது 0.0012. இடைநிலையின் மீது அது கொண்டுவரும் மாற்றம் ஒரு விலங்குகூட இருக்காது.